நாடகம் படிக்க விரும்பும் பிள்ளைக்குச் சமுதாயக் கல்லூரியா, நான்காண்டுப் பல்கலைக்கழகமா?

கலிஃபோர்னியாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மகளோ மகனோ நாடகம்தான் படிப்பேன் என்று உறுதியாகச் சொல்லி, படிக்கலாமா கூடாதா என்ற வாதமும் வீட்டில் ஒருவாறு ஓய்ந்த பிறகு, அடுத்து எழுவது எங்கே படிப்பது என்ற கேள்வி. நம் குடும்பங்களில் இதற்குப் பெரும்பாலும் பெயரை வைத்தே விடை தேடப்படுகிறது. பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் அதுவே சரி என்றும், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களே இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிக்குப் (கம்யூனிட்டி காலேஜ்) போவார்கள் என்றும் எண்ணிக்கொள்கிறோம். மற்றப் படிப்புகளுக்கு இந்த எண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பது இங்கே பேச்சில்லை. நாடகப் படிப்பைப் பொறுத்தவரை அது தவறான அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தமிழ் நாடகங்களின் மேடைப் பின்புற வேலைகளில் ஈடுபட்டு வருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நம்மவர்கள் கல்லூரி அரங்குகளை வாடகைக்கு எடுத்து நாடகம் போடும்போது, விளக்குகளை இயக்கும் ஒளிப்பலகையில் அமர்ந்திருப்பவரும் ஒலிவாங்கிகளைப் பொருத்தித் தருபவரும் பல நேரங்களில் அந்தக் கல்லூரியின் நாடக மாணவர்களாகவே இருப்பார்கள். அவர்களுடன் பழகியதில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. பதினெட்டு வயதிலிருந்து இருபது வயதுக்குள் ஒரு மாணவர் எத்தனை மணி நேரம் மேடையிலும் மேடையைச் சுற்றியும் உழைத்தார் என்பதுதான் அவருடைய பயிற்சியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. சேர்க்கைக் கடிதத்தின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் பெயர் அவ்வளவாகத் தீர்மானிப்பதில்லை.

முதலில் வழிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நான்காண்டுப் படிப்பில் இரண்டு வகை உண்டு. பி.எஃப்.ஏ. என்பது தொழில்முறை நடிகரையோ வடிவமைப்பாளரையோ உருவாக்கும் நோக்கம் கொண்ட பட்டம். அதில் பாடங்களின் பெரும்பகுதி நடிப்பு, குரல், உடலசைவு, பிரதி ஆய்வு என்று துறைக்குள்ளேயே சுழலும். நடிப்புப் பிரிவில் சேர்வதற்கு ஆடிஷன் கட்டாயம். பி.ஏ. என்பது நாடகத்தை முதன்மைப் பாடமாகக் கொண்ட பொதுப்பட்டம். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாடகமும் மிச்சம் வரலாறு, அறிவியல், மொழி முதலிய பிற பாடங்களும் இருக்கும். மூன்றாவது வழி, சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து, பாட அளவைக் குறிக்கும் யூனிட்டுகளில் 60 ஐ முடித்து, பின்னர் டிரான்ஸ்ஃபர் மூலம் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் நுழைவது. இவை தவிர, சமுதாயக் கல்லூரிக்குள்ளேயே பயிற்சிப் பள்ளிபோல் இயங்கும் சில துறைகளும் உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றிய ஒப்பீடு எளிது. கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் மாநிலத்தில் குடியிருப்புத் தகுதி பெற்றவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். ஆண்டுக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர். ஆண்டைச் செமஸ்டர்களாக அல்லாமல் காலாண்டுகளாகப் பிரிக்கும் ஃபுட்ஹில், டி ஆன்சா போன்ற குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் யூனிட்டுக்கு 31 டாலர். அங்கே 60 யூனிட்டுக்கு ஈடாக 90 குவார்ட்டர் யூனிட் எடுக்க வேண்டும். முதன்முறையாகக் கல்லூரியில் சேர்ந்து முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு இந்தக் கட்டணத்தையும் இரண்டு ஆண்டுகளுக்குத் தள்ளுபடி செய்யும் திட்டம் பல கல்லூரிகளில் இருக்கிறது. கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பில் ஆண்டுக் கட்டணம் 6,000 டாலருக்கு மேல், யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா எனப்படும் யூ.சி. அமைப்பில் ஏறத்தாழ 15,000 டாலர், நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ உள்ள பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் 60,000 டாலருக்கு மேல். தங்குமிடமும் சாப்பாடும் தனி.

இந்த எண்களை வேறெந்தப் படிப்பையும்விட நாடகத்துக்கு நாம் கூர்ந்து பார்க்க வேண்டியிருப்பதற்குக் காரணம், நடிகரின் வருமானம் ஒழுங்காக வருவதில்லை என்பதுதான். பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளங்கலை மாணவர் தம் பெயரில் வாங்கக்கூடிய கூட்டாட்சிக் கடனின் மொத்த வரம்பு 31,000 டாலர். அதற்கு மேற்பட்ட செலவு பெற்றோரின் தோளிலோ தனியார் கடனிலோ விழும். பட்டம் பெற்ற முதல் சில ஆண்டுகளில் ஓர் இளம் நடிகருக்கு மிகவும் தேவையானது, வாய்ப்பு வந்த அன்று வேறு வேலையை விட்டுவிட்டு ஒத்திகைக்குப் போகக்கூடிய சுதந்திரம். மாதாமாதம் கடன் தவணை கட்ட வேண்டியவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. சின்ன அரங்கு ஒன்றில் ஆறு வாரம் குறைந்த கூலிக்கு நல்ல பாத்திரம் கிடைத்தாலும் அவர் மறுத்துவிட்டு அலுவலக வேலைக்குத்தான் போவார். ஆகவே கடன் என்பது வீட்டுக் கணக்கோடு நிற்காமல் கலை வாழ்க்கைக்குள்ளும் வந்து நிற்கிறது.

ஆனால் கட்டணம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகச் சமுதாயக் கல்லூரியை நான் பரிந்துரைக்கவில்லை. அங்கே முதல் செமஸ்டரிலேயே மேடை ஏற முடியும் என்பதுதான் முதன்மையான காரணம். பல பி.எஃப்.ஏ. பயிற்சிப் பள்ளிகளில் முதலாண்டு மாணவர்களைப் பொதுமக்கள் பார்க்கும் நாடகங்களில் நடிக்க விடுவதில்லை. அடிப்படைப் பயிற்சி முடியட்டும் என்பது அவர்களுடைய கொள்கை; அதில் நியாயமும் உண்டு. பெரிய பல்கலைக்கழகங்களின் பி.ஏ. துறைகளில் அப்படித் தடை இல்லாவிட்டாலும், மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவர்களும் சில இடங்களில் முதுகலை மாணவர்களும் முக்கியப் பாத்திரங்களுக்குப் போட்டியிடுவதால், முதலிரண்டு ஆண்டுகள் கூட்டக் காட்சிகளிலோ உடைமாற்ற உதவியிலோ கழிந்துவிடக்கூடும். சமுதாயக் கல்லூரியில் மேல்வகுப்பு என்று ஒன்று இல்லை. ஆடிஷனுக்கு வருகிறவர்களில் யார் சிறப்பாகச் செய்கிறாரோ அவருக்குப் பாத்திரம், அவர் கல்லூரிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தாலும்.

இந்த மேடை உழைப்பு பாடத்திட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 2010 இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின் விளைவாக உருவான ‘டிரான்ஸ்ஃபருக்கான இணைநிலைப் பட்டம்’ என்ற இரண்டாண்டுப் பட்டம் நாடகத் துறைக்கும் உண்டு. அதில் நாடக அறிமுகம் அல்லது நாடக வரலாறு, நடிப்பு முதல்நிலை ஆகியவற்றோடு, ஒத்திகையும் நிகழ்த்துதலும் அல்லது மேடைத் தொழில்நுட்பச் செய்முறை அடிப்படைப் பாடங்களில் ஒன்றாக வருகிறது. செய்முறைப் பாடத்தில் ஒரு யூனிட் என்றால் செமஸ்டருக்குக் குறைந்தது 48 மணி நேரம். மூன்று யூனிட்டுக்கு 144 மணி நேரம். ஒரு நாடகத்தின் ஒத்திகை, மேடையமைப்பு, நிகழ்ச்சிகள், கடைசி நாளில் எல்லாவற்றையும் பிரித்து அடுக்குவது வரை அந்த மணிநேரங்களில் அடங்கும். இரண்டு ஆண்டுகளில் நான்கு நாடகங்களில் பங்கெடுக்கும் மாணவர், பல்கலைக்கழகத்தில் நுழையும்போது ஏற்கெனவே ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் உழைத்தவராக இருப்பார்.

அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதை, முதல் காட்சிக்கு முந்தைய சனிக்கிழமையில் நடக்கும் தொழில்நுட்ப ஒத்திகையைப் பார்த்தால்தான் விளங்கும். காலையில் தொடங்கி இரவுவரை நீளும் நாள் அது. நடிகர்கள் வசனத்தை முழுதாகப் பேசுவதில்லை. ஒளி மாறும் இடத்திலிருந்து அடுத்த ஒளி மாறும் இடத்துக்குத் தாவிக்கொண்டே போவார்கள். தரையில் சோபாவின் நான்கு கால்களுக்கும் நான்கு நீல நாடாத் துண்டுகள், மேசைக்குச் சிவப்பு, இருட்டில் படியின் விளிம்பு தெரிவதற்கு ஒளிரும் பச்சை நாடா. அரங்கின் நடுவில் இருக்கைகளின்மேல் பலகை போட்டு அமர்ந்திருக்கும் மேடை மேலாளருக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும். அவர் முன்னால் பிரதியின் தடித்த கோப்பு. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலில் எண்கள். தலையில் மாட்டிய ஒலிவாங்கியில், “நாற்பத்தேழாவது ஒளி, தயார்” என்கிறார். நடிகை கதவின் கைப்பிடியைத் தொடும் கணத்தில் “கோ” என்கிறார். ஒளிப்பலகையில் இருக்கும் மாணவர் பொத்தானை அழுத்துகிறார். ஒளி அரை நொடி தாமதமாக வருகிறது. மறுபடியும். கைப்பிடியைத் தொடும்போதா, தொடுவதற்கு முன்பா என்று இயக்குநரும் மேலாளரும் பேசி முடிவெடுத்து, பென்சில் குறியை ஒரு சொல் முன்னால் நகர்த்துகிறார்கள். அந்தக் கதவு நுழைவு மட்டும் கால்மணி நேரம் எடுக்கும். நடிகை சலிப்படையாமல் ஒவ்வொரு முறையும் அதே வேகத்தில் நடந்து வர வேண்டும். இந்தப் பொறுமையை எந்த விரிவுரையும் கற்றுத்தராது.

அந்த மேலாளர் பொறுப்பும், வடிவமைப்புப் பொறுப்பும் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் மேல்வகுப்பினருக்கே கிடைக்கும். சமுதாயக் கல்லூரியில் ஆள் குறைவு என்பதாலேயே முதலாண்டிலேயே கைக்கு வருகிறது. நடிக்க வந்தவர்கள் பலர் இங்கேதான் ஒளியமைப்பின் பக்கமோ ஒலியின் பக்கமோ திரும்புகிறார்கள். ஈ.டி.சி. நிறுவனத்தின் ஒளிப்பலகையை இயக்கவும், கியூலேப் மென்பொருளில் ஒலிக்கோப்புகளை வரிசைப்படுத்தவும், பணிமனையில் மரச்சட்டங்களை அறுத்து மேடைச்சுவர் கட்டவும் தெரிந்தவருக்கு வேலை தேடுவது நடிகருக்கு இருப்பதைவிட எளிது. பிள்ளையின் விருப்பம் நடிப்பா, நாடக உலகில் ஏதோ ஓர் இடமா என்பது பதினெட்டு வயதில் பெரும்பாலும் அவர்களுக்கே தெளிவாக இருப்பதில்லை. நடிப்புக்கென்று மட்டும் தேர்ந்தெடுக்கும் பி.எஃப்.ஏ. படிப்பில் சேர்ந்த பிறகு இந்தத் திருப்பம் கடினம். சமுதாயக் கல்லூரியில் அது இயல்பாக நடக்கிறது.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒப்பீடுகளில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் மேடையேறுகிறவர்கள் பெரும்பாலோர் பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் இடைப்பட்டவர்கள். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனும் இருபது வயது, அவருடைய மூத்த மகளும் இருபது வயது. சமுதாயக் கல்லூரியின் நாடகத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தந்தையாக வருவார், பகலில் மருத்துவமனையில் வேலைசெய்துவிட்டு மாலை ஒத்திகைக்கு வரும் நாற்பது வயதுப் பெண் தாயாக வருவார். தன்னைவிட மூன்று மடங்கு வயதுள்ளவரோடு எதிரெதிர் நின்று ஒரு காட்சியை நடிக்கும்போது இளம் நடிகர் கேட்கும் விதமே மாறிவிடுகிறது. பாவனையாக முதுமையை நடிக்கும் சக மாணவரிடம் இது கிடைக்காது. 2013 முதல் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதற்கு மாநில விதிகள் கட்டுப்பாடு விதித்ததால், இப்படிப்பட்ட மூத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே துறையில் தொடர்வது முன்போல் எளிதில்லை. அது ஓர் இழப்பு என்றே நான் கருதுகிறேன். இருந்தாலும் அவர்கள் இன்னும் வருகிறார்கள்.

இனிக் குறைகள். அவை சிறியவை அல்ல. சமுதாயக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் வேலை செய்துகொண்டே படிப்பவர்கள். ஒத்திகை மாலை ஆறரைக்கு என்றால் ஏழு மணிக்கு வந்து சேரும் ஒருவர் கட்டாயம் இருப்பார். செமஸ்டரின் நடுவில் விலகிப் போகிறவர்களும் உண்டு. அப்போது பாத்திரம் கைமாறும், மூன்று வாரத்து உழைப்பு வீணாகும். நடிப்பு முதல்நிலை வகுப்பில், பொதுப்பாடத் தேவையை நிறைவேற்ற மட்டுமே வந்திருப்பவர்கள் பாதிப் பேர் இருக்கலாம். மேல்நிலை வகுப்புக்குப் போதிய மாணவர்கள் சேராவிட்டால் அந்த வகுப்பையே ரத்து செய்துவிடுவார்கள், அல்லது மூன்று நிலைகளையும் ஒரே அறையில் சேர்த்து நடத்துவார்கள். குரல் பயிற்சியும் உடலசைவுப் பயிற்சியும் தனிப்பாடங்களாக எல்லாக் கல்லூரிகளிலும் கிடைப்பதில்லை. இருபது பேர் நான்கு ஆண்டுகள் ஒன்றாகவே விழுந்து எழுந்து வளரும்போது உண்டாகும் பிணைப்பு இங்கே உண்டாவதும் அரிது. அந்தப் பிணைப்பு நாடக உலகில் பெரிய செல்வம். பின்னாளில் குழு தொடங்குகிறவர்கள், ஒருவரையொருவர் வேலைக்கு அழைக்கிறவர்கள் பெரும்பாலும் அப்படிச் சேர்ந்து படித்தவர்கள்தாம்.

ஆகவே இரண்டு நிலைமைகளில் நான் பி.எஃப்.ஏ. பக்கமே நிற்பேன். ஒன்று, பிள்ளைக்கு மிகக் கடுமையான தேர்வுள்ள பயிற்சிப் பள்ளி ஒன்றில் இடமும், குடும்பத்தைக் கடனில் தள்ளாத அளவுக்கு உதவித்தொகையும் சேர்ந்தே கிடைக்கும் நிலை. நியூயார்க்கின் ஜூலியார்டு போன்ற இடங்களில் ஒரு வகுப்புக்கு இருபது பேருக்கும் குறைவாகவே எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தை உதவித்தொகையோடு பெற்றவரை வீட்டில் நிறுத்திவைக்க நியாயமில்லை. மற்றொன்று, இசைநாடகத்தில் தீவிரமாக இருக்கும் பிள்ளை. பாட்டு, நடனம், நடிப்பு மூன்றையும் தினமும் சேர்த்துப் பயிலும் கட்டமைப்பு சமுதாயக் கல்லூரிகளில் மிகச் சிலவற்றில்தான் உண்டு. அந்த உடற்பயிற்சியை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுவது இழப்பாகும். உதவித்தொகை இல்லாமல் முழுக்கட்டணத்தில் கிடைக்கும் பி.எஃப்.ஏ. இடத்தை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், நடுத்தரக் குடும்பங்கள் ஏற்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

டிரான்ஸ்ஃபர் விஷயத்தில்தான் குடும்பங்கள் அதிகம் இடறுகின்றன. டிரான்ஸ்ஃபருக்கான இணைநிலைப் பட்டத்தை உரிய மதிப்பெண்ணோடு முடித்தவருக்குக் கலிஃபோர்னியா ஸ்டேட் அமைப்பில் ஏதேனும் ஒரு வளாகத்தில் இடம் உறுதி; விரும்பிய வளாகத்தில் என்ற உறுதி இல்லை. யூ.சி. அமைப்பில் ஆறு வளாகங்கள் முன்கூட்டியே உறுதி தரும் ஒப்பந்தம் செய்கின்றன; லாஸ் ஏஞ்சலிஸ் வளாகமான யூ.சி.எல்.ஏ., பெர்க்லி, சான் டியேகோ மூன்றும் அந்தத் திட்டத்தில் இல்லை. யூ.சி.எல்.ஏ. நாடகத் துறையில் நுழைவதற்கு மதிப்பெண்ணோடு ஆடிஷனோ நேர்காணலோ தனியாக உண்டு. பொதுப்பாடங்களுக்கு, 2025 இலையுதிர்காலம் முதல் சேருகிறவர்களுக்கு யூ.சி., ஸ்டேட் இரண்டுக்கும் பொதுவான கால்-கெட்ஸி என்ற ஒரே பட்டியல் நடைமுறைக்கு வந்திருப்பது நல்ல மாற்றம். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கிறது என்பதை அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் பாடம் பாடமாகப் பார்க்கலாம். முதல் செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் கண்ணி ஒன்று உண்டு. பி.ஏ. படிப்புக்கு மாறுகிறவர்களின் யூனிட்டுகள் பெரும்பாலும் முழுதாக ஏற்கப்பட்டு, அவர்கள் மேலும் இரண்டு ஆண்டுகளில் பட்டம் பெறுகிறார்கள். பி.எஃப்.ஏ. படிப்புக்கு மாறினால், பொதுப்பாடங்கள் ஏற்கப்பட்டாலும், நடிப்புப் பயிற்சியை முதலாண்டிலிருந்து தொடங்கச் சொல்லும் பள்ளிகள் பல. அப்படியானால் இரண்டும் நான்கும் ஆறு ஆண்டுகள் ஆகிவிடும். மிச்சப்பட்ட பணமும் அதில் போய்விடும். எனவே சமுதாயக் கல்லூரி வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பி.ஏ. பட்டத்தை இலக்காகக் கொள்வதும், ஆழ்ந்த தொழில்முறைப் பயிற்சி வேண்டுமென்றால் அதை முதுகலையில் வைத்துக்கொள்வதும் பொருத்தம். யேல் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி 2021 முதல் எல்லா மாணவர்களுக்கும் கல்விக் கட்டணத்தை நீக்கிவிட்டது. இடம் கிடைப்பது மிகக் கடினம் என்றாலும், இளங்கலையில் கடன் வாங்காமல் இருபத்தைந்து வயதில் முதிர்ச்சியோடு அங்கே ஆடிஷனுக்குப் போகிறவர், பதினேழு வயதில் கடனோடு தொடங்கியவரைவிட எந்த விதத்திலும் பின்தங்கியவர் அல்லர்.

காலக்கணக்கையும் கவனிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் விண்ணப்பங்களை மூன்றாவது செமஸ்டரின் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அனுப்ப வேண்டும். கல்லூரியின் இலையுதிர்கால நாடகம் மேடையேறுவதும் அதே நேரம்தான். அந்த நாடகத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்றிருக்கும் மாணவர் விண்ணப்பக் கட்டுரைகளையும், அதன் பின்னே வரும் ஆடிஷனுக்கான தனிமொழிகளையும் சேர்த்தே தயாரிக்க வேண்டும். முதலாண்டு முடிந்து வரும் கோடை விடுமுறையிலேயே தனிமொழிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிலத் தொடங்கியவர்களுக்கே இது கைகூடுகிறது.

சமுதாயக் கல்லூரிகளுக்குள் இயங்கும் பயிற்சிப் பள்ளிகள் தனி வகை என்று சொன்னேன். சான்ட்டா மரியாவில் உள்ள ஆலன் ஹேன்காக் கல்லூரியின் பி.சி.பி.ஏ. என்ற பயிற்சிப் பள்ளி 1964 இல் தொடங்கப்பட்டது. அது ஒரு தொழில்முறை நாடகக் குழுவும்கூட. இரண்டு ஆண்டு நடிப்புப் பயிற்சிக்கு ஆடிஷன் மூலம் தேர்ந்தெடுக்கப்படும் மாணவர்கள் தொழில்முறை நடிகர்களோடு ஒரே மேடையில் நடிக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் சிட்டி கல்லூரியின் தியேட்டர் அகாடமியும் இதே போன்ற கட்டுக்கோப்பான பயிற்சிக்குப் பெயர் பெற்றது. பயிற்சியின் தீவிரத்தில் இவை பி.எஃப்.ஏ. பள்ளிகளுக்கு நெருக்கமானவை. ஆனால் இவற்றின் நோக்கம் தொழிலுக்கு ஆயத்தப்படுத்துவது என்பதால், பட்டத்துக்கான பொதுப்பாடங்களுக்கு மாணவர் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். பட்டம் பிறகு, பயிற்சி முதலில் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு இவற்றைவிடச் சிறந்த பேரம் அமெரிக்காவில் அரிது.

இந்த வழியில் போனவர்கள் யார் என்று தாத்தா பாட்டிகள் கேட்பார்கள், கேட்பதில் தவறில்லை. டாம் ஹேங்ஸ் ஹேவர்டில் உள்ள ஷாபோ கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டுச் சாக்ரமென்டோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். தம் வாழ்க்கை முழுவதும் அந்தக் கல்லூரிக்குக் கடன்பட்டிருப்பதாக 2015 இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அவர் படித்த காலத்தில் கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் கட்டணமே கிடையாது. 1984 இல்தான் அது வந்தது. ஆனெட் பெனிங் சான் டியேகோ மேசா கல்லூரியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ராபின் வில்லியம்ஸ் காலேஜ் ஆஃப் மரினில் நாடகம் பயின்று, 1973 இல் உதவித்தொகையோடு ஜூலியார்டில் சேர்ந்தார். இவர்கள் பெயரைச் சொல்வதால் எல்லாரும் நட்சத்திரமாகிவிடுவார்கள் என்று பொருளாகாது. அந்த வாசல் வழியாக மேலே போக முடியும் என்பதற்கு மட்டும் இவர்கள் சான்று.

நம் சமூகத்தில் பலருக்கு விசா நிலையும் இந்த முடிவில் குறுக்கிடுகிறது. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் மாநிலக் குடியிருப்பு நிபந்தனைகளை நிறைவு செய்தால் சமுதாயக் கல்லூரியில் குடியிருப்பாளர் கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும். ஆனால் அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. சம்பளம் தரும் மேடையும் அதில் அடங்கும். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வந்தால் வெளிமாநில மாணவர் கட்டணம் தலையில் விழும். பெரும்பாலோருக்கு அந்த வயது பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிலேயே வந்துவிடும். ஆகவே கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பங்கள் முதலிரண்டு ஆண்டுகளில் மிச்சப்படுத்தும் பணத்தைச் செலவழிக்காமல் அந்த ஆண்டுகளுக்கென்று எடுத்துவைப்பதும், குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசுவதும் அவசியம்.

கணினி அறிவியலைப் படித்துக்கொண்டே மாலையில் நாடகம் செய்யட்டுமே என்ற யோசனையையும் பெற்றோர் பலர் முன்வைக்கிறார்கள். பிள்ளைக்கு உண்மையிலேயே இரண்டிலும் விருப்பம் இருந்தால், அதற்கும் சமுதாயக் கல்லூரியே உகந்த இடம். முதன்மைப் பாடம் எதுவாக இருந்தாலும் ஒத்திகைப் பாடத்தில் பதிவுசெய்து ஆடிஷனுக்குப் போகலாம். பல பல்கலைக்கழகத் துறைகளில் முதன்மைப் பாத்திரங்கள் நடைமுறையில் துறை மாணவர்களுக்கே போகின்றன. ஆனால் பிள்ளையின் விருப்பத்தை மெல்ல மழுங்கடிக்கும் உத்தியாக இதைக் கையாளக் கூடாது. பதினைந்து யூனிட் அறிவியலோடு வாரத்துக்கு இருபது மணி நேர ஒத்திகையைச் சுமக்கும் மாணவர் இரண்டையும் அரைகுறையாகச் செய்து, இரண்டிலும் தன்னம்பிக்கை இழப்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, எந்தச் சமுதாயக் கல்லூரி என்பது. மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. அவற்றின் நாடகத் துறைகளுக்குள் இருக்கும் வேறுபாடு, சமுதாயக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இருக்கும் வேறுபாட்டைவிடப் பெரியது. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் சேர்ப்பது என்று முடிவு செய்துவிடாமல், முப்பது மைல் தொலைவுக்குள் இருக்கும் நான்கைந்து கல்லூரிகளின் நாடகங்களை டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் என்னென்ன நாடகங்கள் போட்டார்கள் என்ற பட்டியலைத் துறையிடம் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு நாடகம் போடும் துறையில் மேலே சொன்ன எந்த நன்மையும் கிடைக்காது. மூன்றோ நான்கோ போடும் துறையைத் தேடுங்கள். முழுநேரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், தொழில்நுட்ப இயக்குநர் என்று தனியாக ஒருவர் இருக்கிறாரா, பணிமனையில் மாணவர்கள் கருவிகளைக் கையாள விடப்படுகிறார்களா, நடிப்பு இரண்டாம் நிலை வகுப்பு கடந்த நான்கு செமஸ்டர்களில் எத்தனை முறை உண்மையில் நடந்தது என்று கேட்க வேண்டும். கல்லூரி நாடகங்களை மதிப்பிடவும் நடிகர்களை உதவித்தொகைப் போட்டிக்குப் பரிந்துரைக்கவும் 1969 முதல் நடந்துவரும் அமெரிக்கக் கல்லூரி நாடக விழாவில் அந்தத் துறை பங்கெடுத்திருக்கிறதா என்றும் கேட்கலாம். அதில் சமுதாயக் கல்லூரி மாணவர்கள் பல்கலைக்கழக மாணவர்களோடு ஒரே தளத்தில் போட்டியிடுகிறார்கள்.

துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் பதில் வரும். நேரில் வரச் சொல்லி அரங்கைச் சுற்றிக் காட்டுகிறவர்களும் உண்டு. அதைக் கோடைக்கு முன்பே செய்துவிடுங்கள். சேர்க்கைக்கு அவசரம் இல்லை, ஆகஸ்டில் பதிவு செய்தாலும் இடம் கிடைக்கும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் இலையுதிர்கால நாடகத்தின் ஆடிஷனை மே மாதத்திலோ, செமஸ்டர் தொடங்கும் முதல் வாரத்திலோ நடத்தி முடித்துவிடும் துறைகள் பல. தேதி தெரியாமல் போனால் முதல் நாடகம் கைநழுவும். அடுத்த ஆடிஷன் பெரும்பாலும் அந்தச் செமஸ்டரின் இறுதியில்தான்.